கண்ணில் விழும் ஆட்டு ஈப் புழு

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கண்ணுக்குள் உயிருள்ள புழு என்றாலே உடம்பு கூசும். ஆனால் நடப்பது என்னவென்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதைச் செய்வது பெரும்பாலும் ஆட்டு மூக்கு ஈ. செம்மறியும் வெள்ளாடும் மேயும் நாடுகள் பலவற்றிலும் உண்டு. இது முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே பொரித்த குஞ்சுப் புழுக்களை, பறந்தபடியே ஆட்டின் மூக்கில் பீய்ச்சிவிட்டுப் போகும். ஆடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஈ வந்துவிட்டால் மேய்ச்சலை விட்டுவிட்டு நெருக்கியடித்து நின்று, மூக்கைத் தரையிலோ பக்கத்து ஆட்டின் உரோமத்திலோ புதைத்துக்கொள்ளும். மூக்குக்குள் வளர்ந்த புழு தும்மலோடு வெளியே விழுந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும்.

சில நேரம் அந்தப் பீய்ச்சல் மனிதர் கண்ணில் விழுந்துவிடுகிறது. அல்ஜீரியாவின் கபீலியா மலைகளில் இதைத் திம்னி என்பார்கள். எட்மண்ட், எதியென் செர்ஜான் சகோதரர்கள் 1907-இல் அதை விவரித்து, காரணம் இந்த ஈயே என்று எழுதினார்கள். சகாரா மலைகளில் வாழும் துவாரெக் மக்களிடமும் இதே தொல்லை இருப்பதை 1913-இல் பதிவு செய்தார்கள்.

கண்ணில் ஏதோ வந்து சுள்ளென்று மோதும். சில மணி நேரத்தில் சிவக்கும், நீர் வடியும், உள்ளே ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். மெட்ராஸ் ஐ என்று நினைத்துவிடுவது எளிது. புழுவின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், நிறமும் கிடையாது. மருத்துவர் ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் இமை மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால் இமையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். வாயில் இரண்டு கறுப்புக் கொக்கிகள். அவற்றால் படலத்தைக் கவ்விக்கொள்வதால் தண்ணீர் விட்டுக் கழுவினால் மட்டும் போய்விடாது. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

மனிதக் கண்ணின் மேற்பரப்பில் இது அடுத்த பருவத்துக்கு வளர்வதில்லை. சில நாளில் செத்துவிடும். பார்வை போவது அபூர்வம். உண்மையிலேயே அஞ்ச வேண்டியது, மாட்டின் தோலுக்கடியில் வளரும் வேறோர் ஈயின் புழு. அது விழிக்குள்ளேயே துளைத்துப் போய் விழித்திரைக்கு அடியில் ஊரும். லேசரோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

ஆடு மாடு மேயும் இடத்துக்குப் போய்வந்து கண் உறுத்தினால் தேய்க்காதீர்கள், கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளவும் வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் போய், எங்கே நின்றிருந்தீர்கள், கண்ணில் ஏதாவது மோதியதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.