இரண்டு பெட்டி, 32 கிலோ

எங்கள் வீட்டு மேசை லாச்சியில் 1991-ஆம் ஆண்டின் விமான ரிக்கெற் ஒன்று இன்னும் கிடக்கிறது. லண்டனிலிருந்து ரொறன்ரோ போய்வர அம்மாவின் பெயரில் எழுதியது. தாளின் பின்பக்கம் சிவப்புக் கார்பன். தொட்டால் இப்போதும் விரலில் இலேசாக ஒட்டும். பொதிக்கான சின்னக் கட்டத்தில் 'பிசி' என்று இரண்டே எழுத்து. அத்திலாந்திக்கைக் கடக்கிறவருக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 32 கிலோ என்பது அந்த எழுத்துகளின் பொருள். அதற்கென்று ஒரு சதமும் தனியாகக் கேட்கவில்லை. இலங்கையில் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு காணாத தங்கச்சியைப் பார்க்க அம்மா 64 கிலோவோடு போனா. கூறைச்சேலை, வெண்கலக் குத்துவிளக்கு, இடியப்ப உரல் எல்லாம் அதற்குள் அடங்கின.

2025 மே மாதம் அக்காவின் மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். நான், மனைவி, அம்மா என்று மூன்று பேர் போகவேண்டும். கணினியில் தேடியபோது முதலில் வந்து நின்ற விலை 338 பவுண், போய்வர. அம்மாவின் பழைய ரிக்கெற்றுக்கு நாங்கள் கொடுத்தது 340. முப்பத்து நான்கு வருடம் கழித்தும் இரண்டு பவுண் குறைவு. விலைவாசி ஏறிய கணக்கில் அந்த 340 இன்றைக்கு 700-ஐத் தாண்டும். கடலைக் கடக்கிற செலவு உண்மையாகவே இறங்கியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 340 என்பது அம்மா, அவவின் இரண்டு பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாவற்றுக்குமான விலை. 338 என்பது கதவைத் திறப்பதற்கான விலை.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஒரு காலத்தில் கம்பனிகள் கூடிப்பேசித்தான் விலையை நிர்ணயித்தன. 1945-இல் உருவான ஐயாட்டா என்ற சர்வதேசச் சங்கத்தில் பேசி முடிப்பார்கள், அரசுகள் ஒப்புதல் கொடுக்கும். எந்த விமானத்தில் ஏறினாலும் கிட்டத்தட்ட ஒரே காசு. 1952-இல் சுற்றுலா வகுப்பு வந்தது. 1958-இல் அதிலும் மலிவாக எக்கொனமி வகுப்பு வந்தது. அந்த எக்கொனமிப் பயணிக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்பதுவரைக்கும் விதி இருந்தது. சாண்ட்விச் மாதிரி எளிமையான சாப்பாடுதான், அதற்குமேல் கூடாது. ஸ்கண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் தங்கள் ஊர் வழக்கப்படி ஒரு துண்டுப் பாணின்மேல் இறைச்சியும் மீனும் மரக்கறியும் அடுக்கி, 'இதுவும் சாண்ட்விச்தான்' என்று பரிமாறியது. கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடவேண்டிய சாண்ட்விச். பான் அம் நிறுவனம் முறையிட்டது. விசாரணை நடந்து எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு 20,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பயணிக்குக் கூடுதலாகக் கொடுத்தது குற்றமாக இருந்த காலம் அது. இன்றைக்குச் சில விமானங்களில் ஒரு போத்தல் தண்ணீருக்கும் காட்டை நீட்டவேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வரும்.

சங்கத்தில் சேராமல் வெளியே நின்றது ஐஸ்லாந்தின் லொஃப்ட்லெய்திர். மற்றவர்கள் ஜெட்டில் பறந்தபோது பழைய காற்றாடி விமானங்களை வைத்துக்கொண்டு, ஐஸ்லாந்தில் இறங்கி ஏறிப் போகிறவர்களுக்குக் குறைந்த விலையில் ரிக்கெற் கொடுத்தது. மாணவர்களும் தலைமுடி வளர்த்த இளைஞர்களும் ஏறியதால் அதற்கு 'ஹிப்பி விமானம்' என்றே பெயர் விழுந்தது. மலிவுக்கு இன்னொரு வழி, ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினராகி, அந்தச் சங்கம் வாடகைக்குப் பிடிக்கிற விமானத்தில் போவது. ஆறு மாதமாவது உறுப்பினராக இருந்திருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. அதற்காகவே சங்கங்கள் முளைத்தன, முன்தேதியிட்ட அட்டைகள் விற்பனையாயின. விமான நிலையத்தில் அதிகாரிகள் வரிசையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, 'உண்மையாகவே நீங்கள் இந்தச் சங்கத்து ஆள்தானா?' என்று விசாரித்திருக்கிறார்கள்.

இந்தக் கூத்தை முடித்துவைக்கப் புறப்பட்டவர் பிரெடி லேக்கர். 1971-இலேயே விண்ணப்பித்து, அரசோடு நீதிமன்றம்வரை போய் வென்று, 1977 செப்டெம்பர் 26-ஆம் திகதி கற்விக்கிலிருந்து நியூயோர்க்குக்கு ஸ்கைட்ரெயினைப் பறக்கவிட்டார். ஒருவழிக்கு 59 பவுண். முற்பதிவு கிடையாது. ரயிலுக்குப் போவதுபோல அன்றன்றைக்கு வரிசையில் நின்று வாங்கவேண்டும். சாப்பாடு வேண்டுமென்றால் தனிக்காசு. அடுத்த வருடக் கோடையில் லண்டன் விக்ரோரியாப் பகுதியில் நாட்கணக்காக மக்கள் படுக்கையை விரித்துக் காத்துக்கிடந்தார்கள்.

வெற்று இருக்கையை மட்டும் விற்பது இன்றைய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். லேக்கர் அதை அப்போதே செய்துவிட்டார். ஆனால் அவர் விற்ற விதத்தில் ஒரு நேர்மை இருந்தது. 59 என்றால் எல்லாருக்கும் 59. வரிசையில் முதலில் நின்றவருக்கும் கடைசியில் நின்றவருக்கும் அதே விலை. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டுதான் மனிதர்கள் நடைபாதையில் படுத்தார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் விலையையும் இறக்கின, கடன் கழுத்தை நெரித்தது, 1982 பெப்ரவரியில் லேக்கர் விழுந்தார். அந்தக் கம்பனியைக் காப்பாற்றச் சாதாரண மக்கள் தங்கள் சொந்தக் காசை அனுப்பினார்கள். ஒரு விமானக் கம்பனிக்காக அப்படி மனம் உருகிய ஜனத்தை இன்று எங்கே தேடுவது?

நாங்கள் லண்டனுக்கு வந்துசேர்ந்தபோது லேக்கர் போய்விட்டார். 1983-இல் நியூவார்க்குக்கும் கற்விக்குக்கும் இடையில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் 149 டொலருக்குப் பறக்கத் தொடங்கியது. ஏற்றுகிற பெட்டிக்கு 3 டொலர் வாங்கிய நிறுவனம் அது. இன்றைய பெட்டிக் கட்டணத்துக்கு அதைத் தாய்வேர் என்று சொல்லலாம். சில வருடத்தில் அதுவும் மறைந்தது.

எங்கள் ஆட்கள் அந்த வரிசைகளுக்குப் போகவில்லை. எங்களுக்கு ஏஜென்சி அண்ணை இருந்தார். லண்டன் ரூட்டிங்கில் புடவைக்கடைக்கு மேல்மாடி, ஒடுங்கிய படி, இரண்டு தொலைபேசி. நிரம்பாத இருக்கைகளை வெளியில் சொல்லாமல் விலை குறைத்துத் தள்ளிவிட கம்பனிகளுக்கு இப்படிப்பட்ட கடைகள் தேவைப்பட்டன. லண்டன்காரர் இவற்றுக்கு 'பக்கெற் ஷொப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணை ஒரு காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, "அக்கா, வெள்ளி வேண்டாம், செவ்வாய் போங்கோ, நாப்பது பவுண் குறையும். சாமான் கனக்கக் கொண்டுபோறியளோ? அப்ப இந்த விமானம்தான் சரி, நடுவில மாறத்தேவையில்லை" என்பார். அம்மாவுக்கு முழங்கால் நோவு என்பது அவருக்குத் தெரியும். எந்த ரிக்கெற்றை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதும் தெரியும். அவருக்கும் இலாபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கணக்கை எங்களுக்காக வேறொருவர் பார்த்தார். 2008 ஜூனோடு கடதாசி ரிக்கெற் நின்றுபோனது. அதற்குமுன்பே அந்த மேல்மாடி பூட்டப்பட்டுவிட்டது.

பெட்டி மெலிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 32 கிலோ 23 ஆனது. 2010-ஐ ஒட்டிப் பல கம்பனிகளில் இரண்டு பெட்டி ஒன்றாயிற்று. 2008-இல் எண்ணெய் விலை உச்சிக்குப் போனபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணத்தில் முதல் பெட்டிக்கே 15 டொலர் வாங்கத் தொடங்கியது. எண்ணெய் இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. பிறகு நோர்வீஜியனும் ஐஸ்லாந்தின் வாவ் நிறுவனமும் வந்தன. குறைய எரிபொருள் குடிக்கிற புதிய விமானங்கள், ஒருவழிக்கு 65 டொலர், 99 டொலர் என்று விளம்பரங்கள். அதைப் பார்த்த பெரிய கம்பனிகள் 2018 வாக்கில் தாங்களும் பெட்டியில்லாத ரிக்கெற்றை அத்திலாந்திக்கில் இறக்கின. வாவ் 2019 மார்ச்சில் விழுந்தது. நோர்வீஜியன் 2021-இல் நெடுந்தூரப் பயணத்தையே கைவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள், பெட்டியில்லாத ரிக்கெற் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

இனி எங்கள் வீட்டு மேசைக்கு வருகிறேன். 338 பவுணைப் பார்த்ததும் மனைவி, "உடனே போடுங்கோ, நாளைக்கு ஏறிவிடும்" என்றா. நான் கொப்பி ஒன்றை எடுத்து எழுதினேன். ஏற்றுகிற பெட்டி ஒருவழிக்கு 65, போய்வர 130. மூன்று பேரும் பக்கத்தில் இருக்க ஆளுக்கு ஒருவழிக்கு 35, போய்வர 70. கூட்டினால் 538. சாப்பாடு அதற்கு வெளியே. இரண்டாம் பக்கத்தில் எங்கோ கீழே கிடந்த இன்னொரு நிறுவனம் 452 கேட்டது. ஒரு பெட்டி உண்டு, இருக்கை உண்டு, சூடான சாப்பாடும் உண்டு. 'மலிவான' ரிக்கெற் ஆளுக்கு 86 பவுண் கூட. மூன்று பேருக்கு 258. அதே வாரம் தனியாகப் போன என் தம்பி முதுகுப்பை ஒன்றோடு அந்த 338-இலேயே போய்வந்தான். அவனுக்கு 114 மிச்சம். அவனுக்கு அது நியாயமான ரிக்கெற், நான் அவனைக் குறைசொல்லவில்லை. கலியாண வீட்டுக்குச் சாமான் தூக்கிப்போகிற குடும்பத்துக்கு அது பொறி.

பொறி என்ற சொல்லை நான் கோபத்தில் எழுதவில்லை, கண்ணால் கண்டதால் எழுதுகிறேன். கொஞ்ச வருடத்துக்கு முன் எங்கள் மாமி ஒருத்தியை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மகன் கனடாவிலிருந்து ஆகக் குறைந்த விலையில் ரிக்கெற் போட்டிருந்தான். பெட்டி சேரவில்லை என்பது மாமிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. முன்கூட்டி வாங்கியிருந்தால் ஒரு விலை, மேசையில் வந்து நின்றால் அதைவிட எவ்வளவோ கூட என்று மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே சொன்னா. மாமி நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தா. சீனி அரியதரம், பயற்றம் பணியாரம், மூன்று நாள் அடுப்படியில் நின்று சுட்டது, எல்லாம் பொலித்தீன் பைகளில். இரண்டு கம்பளிச் சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டா. பலகாரத்தை என் கையில் தந்து, "நீ சாப்பிடு ராசா" என்றா. காசைக் கட்ட நான் காட்டை எடுத்தேன், அவ விடவில்லை. எழுபது வயதுப் பெண் வேற்று நாட்டு விமான நிலையத்தில் நிலத்தில் குந்தியிருந்து உடுப்பைக் கிளறுவதைப் பின்னால் நின்ற வரிசை முழுக்கப் பார்த்தது.

சட்டங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2012 முதல் வரியும் கட்டாயக் கட்டணமும் சேர்த்த முழு விலையைத்தான் விளம்பரப்படுத்தவேண்டும். பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் முதல், கட்டாயக் கட்டணத்தைக் கடைசிவரை ஒளித்து வைப்பது தடை. ஆனால் இரண்டு சட்டமும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிடுகின்றன, ஏனென்றால் ஏற்றுகிற பெட்டி 'விருப்பம்'. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கைப்பொதியை இன்றியமையாதது என்றும், ஏற்றுகிற பெட்டியை அப்படியல்ல என்றும் பிரித்துச் சொன்னது. இரண்டு நாள் கூட்டத்துக்குப் போகிற உத்தியோகத்தருக்கு அது பொருந்தலாம். பத்து வருடத்துக்கு ஒருதரம் சகோதரத்தைப் பார்க்கப் போகிற ஒருவருக்குப் பெட்டி எப்படி விருப்பமாகும்? தேடுகிற முதல் பக்கத்திலேயே 'எத்தனை பெட்டி?' என்று கேட்டு, அதையும் சேர்த்து விலையைக் காட்டவேண்டும் என்று சட்டம் சொல்லவேண்டும். இதற்காக நான் யாரிடமும் வாதாடுவேன்.

அதுவரைக்கும் கணக்கை நாங்கள்தான் பார்க்கவேண்டும். லண்டனில் ஏறினால் எக்கொனமிக்கு அரசு எடுக்கிற பயண வரி, அத்திலாந்திக்கைக் கடக்க ஆளுக்கு 90 பவுணாக இருந்து 2026 ஏப்ரல் முதல் 102. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு எக்கொனமியில் அந்த வரி இல்லை. புள்ளிகள் சேர்த்து 'இலவச' ரிக்கெற் எடுக்கிறவர்களும் வரியையும் நிறுவனத்தின் மேலதிகக் கட்டணத்தையும் கட்டவேண்டும், பலர் அங்கேதான் திகைத்துப்போவார்கள். அயர்லாந்தில் இந்தப் பயண வரி 2014-இலேயே ஒழிந்துவிட்டது. டப்ளினிலிருந்து புறப்பட்டால் மிச்சம்தான், அங்கே போய்ச்சேரும் செலவையும் அம்மாவின் முழங்காலையும் கணக்கில் சேர்த்தபிறகும் மிச்சமாக இருந்தால். 100 பவுணுக்கு மேற்பட்ட ரிக்கெற்றைக் கிரெடிட் காட்டில் போடுங்கள். கம்பனி விழுந்தால் பணத்தை வங்கியிடம் கேட்கிற உரிமை பிரித்தானியாவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு காலத்தில் மேல்மாடி அண்ணை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

நாங்கள் 452-ஐயே எடுத்தோம். ஆளுக்கு ஒரு பெட்டி, 23 கிலோ. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அம்மா கூடத்தில் கைத்தராசைக் கொழுவி, தன் பெட்டியைத் தூக்கச்சொன்னா. நான் தூக்கிப் பிடித்தேன். 22.6 என்று காட்டியது. கண்ணாடியைப் போட்டுக் குனிந்து ஒருதரம் வாசித்தா. பிறகு குசினிக்குள் போய், 400 கிராம் வறுத்த மிளகாய்த்தூளைக் கட்டிக்கொண்டு வந்து பக்கவாட்டில் செருகினா. "இப்ப தூக்கு."

23.0.