கட்டடத்தை விற்கலாம், கணக்கை மறைக்கலாமா?

ஏனாத்தூர்க்காரர்களுக்கு உத்தரமேரூர் தூர தேசமல்ல. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. குடவோலை முறையை மேடைதோறும் மெச்சிப் பேசுகிறோம். நிலமும் வேதமும் உடையவர்க்கு மட்டுமே அந்தச் சபையில் இடம் என்பதை ஏனோ மெதுவாகச் சொல்கிறோம்! ஆயினும் அந்தக் கல்லில் போற்றத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. அன்றே கணக்குக் கேட்டிருக்கிறது அந்தக் கல்!

கணக்குக் கேட்கவேண்டிய கட்டடங்கள் உலகில் இன்னும் பல உண்டு. அமெரிக்காவிலே, மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மலைகளுக்கிடையே இட்மன் என்று ஒரு சிற்றூர். போகஹாண்டஸ் நிலக்கரிக் கம்பெனியின் தலைவர் ஐசக் மான் என்பாரின் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள். 1920களில் அங்கே கம்பெனிக் கடை எழும்பிற்று. கடையென்றால் பெட்டிக்கடை அல்ல; மணற்கல்லால் கட்டிய மாளிகை! அலெக்ஸ் மகூட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தது. 1990இல் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் ஏறிற்று.

சுரங்கங்கள் ஓய்ந்தன, கடைகள் பூட்டப்பட்டன. இத்தகைய கட்டடங்கள் அந்த வட்டாரத்திலே விற்பனைக்கு வருகின்றன. வாங்குவோர் கூரையைச் செப்பனிடுகிறார்கள், சுவரைத் துலக்குகிறார்கள், விடுதி வைக்கலாமா, காட்சிச்சாலை வைக்கலாமா என்று எண்ணுகிறார்கள். நல்லதுதான். பாழடைந்து விழுவதைவிடப் பயன்படுவது மேல். ஆனால், எதைப் புதுப்பிக்கிறார்கள்?

கம்பெனிக் கடை என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். குடியிருக்கும் வீடு கம்பெனி வீடு. வைத்தியர் கம்பெனி வைத்தியர். மாவும் செருப்பும், விளக்குக்கு எண்ணெயும், பாறை பிளக்க வெடிமருந்தும் கம்பெனிக் கடையில். நிலக்கரி வெட்டும் தொழிலாளி தன் மண்வெட்டியைக்கூடத் தானே வாங்கவேண்டும்! சம்பள நாளுக்கு முன் பணம் கேட்டால் கையில் விழுவது நாட்டின் நாணயமல்ல. கம்பெனி முத்திரையிட்ட உலோக வில்லை. அந்த வில்லை அந்தக் கம்பெனியின் கடையில் முழு மதிப்புக்குச் செல்லும். வெளியே செல்லாது, சென்றாலும் மதிப்புக் குறையும். சம்பள நாள் வரும். வாடகை போக, வைத்தியம் போக, கடைக்கடன் போக, மிச்சம் என்ற இடத்தில் பலருக்கு ஒரு கோடு மட்டுமே இருக்கும்!

எல்லாக் கடையும் கொள்ளைக் கடையல்ல, மலையடிவாரத்தில் வேறு கடையே இல்லை என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். இருக்கட்டும். விலை நியாயமாகவே இருந்ததென்று கொள்வோம். கூலி கொடுப்பவனும் அரிசி விற்பவனும் வீட்டுக்காரனும் ஒருவனேயானால், தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? வேலைநிறுத்தம் செய்தால் வேலை மட்டுமா போகும்? கூரையும் போகும், கஞ்சியும் போகும்! 1912இல் மேற்கு வர்ஜீனியாவில் பெயின்ட் கிரீக், கேபின் கிரீக் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது நேர்ந்தது அதுதான். வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள் கூடாரங்களில் குளிரைக் கழித்தனர். 1921இல் பிளேர் மலையில் பல்லாயிரம் தொழிலாளர் துப்பாக்கி ஏந்தி நின்றதும் அதன் தொடர்ச்சியே.

அதே 1921இல் நம்மவருக்கும் ஒரு விலங்கு உடைந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் கழுத்தை நெரித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். இவன் பட்ட கடன் இவ்வளவு என்று தோட்டத்தார் எழுதித் தரும் தாள் அது. அந்தக் கடனைப் புதுத் துரை அடைத்தாலன்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. தோட்டம் கொடுத்த அரிசியும் கூலியிலேதான் கழிந்தது. கங்காணி தந்த முன்பணமும் கணக்கில் ஏறிற்று. அங்கே வில்லை, இங்கே துண்டு! பொருள் ஒன்றே: உழைப்பவன் அசையக்கூடாது.

நம் நாட்டில் 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், கூலியைச் செலாவணியிலுள்ள நாணயமாகவோ நோட்டாகவோதான் கொடுக்கவேண்டும் என்றது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தது, பழக்கம் போயிற்றா? காஞ்சியைச் சுற்றித் தறிகளுக்கு முன் குந்தியிருக்கும் நெசவாளியைக் கேளுங்கள். ஒருவரிடம் முன்பணம் வாங்கினால், அதை அடைக்காமல் இன்னொருவரிடம் பாவு வாங்க முடியுமா? செங்கல் சூளையில் முன்பணத்துக்கு உழைக்கும் குடும்பத்தைக் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கம் ஏன் பிறந்தது என்பதை அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.

ஆகவேதான் சொல்கிறோம்: இட்மன் போன்ற கடைகளை வாங்குவோர் தாராளமாக வாங்கட்டும், செப்பனிடட்டும். ஆனால் சம்பளம் கொடுத்த அந்தச் சன்னலை அடைத்துவிட வேண்டாம். வில்லைகளையும் பற்றுவரவுப் பேரேட்டையும் வருவோர் கண்ணில் படும்படி வைக்கட்டும். இட்மன் 3ஆம் எண் சுரங்கத்தில் 1972 டிசம்பர் 16இல் நேர்ந்த வெடிப்பில் மாண்ட ஐவருக்கும் ஒரு பலகை இருக்கட்டும். இல்லையேல் நிலைத்து நிற்பது கம்பெனியின் பெருமை மட்டுமே. கட்டியவன் கண்ணீர் சுண்ணாம்பு பூசி மறைக்கப்படும்.

நமக்கும் இதுவே பாடம். பழைய ஆலை, பழைய கிட்டங்கி, பழைய தோட்ட லயன் எதைக் காத்தாலும், அதில் உழைத்தவனின் கணக்கையும் சேர்த்துக் காக்கவேண்டும். கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்றது உத்தரமேரூர்க் கல். கணக்குக் காட்டாத கட்டடத்துக்கு மட்டும் வரலாற்றில் இடம் எதற்கு?