முறுக்கின் ஆட்சி

தேங்காய் நார்க்கயிற்றை அதன் புரிக்கு எதிராக முறுக்கினால், புரிகள் நெகிழ்ந்து விலகும். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி நீரிற் கலக்கும் குடல்வாழ் பற்றீரியாவாகிய ஈ. கோலையினுள்ளும் இத்தகைய எதிர்முறுக்கே ஆட்சி செய்கின்றது.

அதன் உடல் நீளம் ஒரு மில்லிமீட்டரின் 500இல் ஒரு பங்கு. உள்ளே அடங்கிய டி. என். ஏ. வடமோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். எதிர்முறுக்கு அவ்வடத்தைச் சுருட்டி அடக்குவதோடு, அதன் இரு புரிகளும் எளிதிற் பிரியவும் உதவுகின்றது. புரிகள் பிரிந்தாலன்றிப் பரம்பரையலகின் செய்தியைப் படியெடுத்தல் இயலாது. ஆகவே, முறுக்கு மிகின் சில பரம்பரையலகுகள் விழிக்கும். தளரின் வேறு சில விழிக்கும்.

இம்முறுக்கை ஏற்றும் ஜைரேஸ் என்னும் நொதியத்தை 1976ஆம் ஆண்டில் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் அமெரிக்காவிற் கண்டறிந்தனர். வெதுவெதுப்பான குடலினின்று குளிர்நீரை அடைந்ததும் முறுக்குச் சிறிது நேரம் மிகுகின்றது; உயிரி புதுச் சூழலுக்கு இசைகின்றது. முறுக்குத் தளர்ந்தாலோ, ஜைரேஸின் பரம்பரையலகுகளே ஊக்கம்பெற்று அந்நொதியத்தை மிகுதியாக ஆக்குகின்றன.

சிப்ரோபுளொக்சசின் என்னும் மருந்து தாக்குவது இந்நொதியத்தையே. அதனைத் தேவையின்றி உண்ணுந்தோறும், ஜைரேஸ் மாற்றமுற்ற பற்றீரியாக்களே பிழைத்துப் பெருக வாய்ப்புண்டாகும். மருத்துவர் சொற்படி உண்பதே மருந்தின் வலிமையைக் காக்கும் வழியாம்.