சம்பா (மென்பொருள்)

இக்கட்டுரை மென்பொருளைப் பற்றியது. நெற்பயிர்ப் பருவம் பற்றி அறிய, சம்பா பருவம் கட்டுரையைப் பார்க்க.

சம்பா என்பது லினக்ஸ், யுனிக்ஸ் இயங்குதளங்களில் இயங்கும் கணினிகளின் வன்தட்டுகளையும் அச்சுப்பொறிகளையும் வலையமைப்பு ஊடாக விண்டோஸ் கணினிகளுடன் பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது.

தேவை

வன்தட்டில் கோப்புகள் எழுதப்படும் முறை ஒவ்வோர் இயங்குதளத்திலும் வேறுபடும். லினக்ஸ் கணினியின் வன்தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் பொருத்தினால், அதிலுள்ள கோப்புகள் பொதுவாகத் தென்படா. வலையமைப்பில் பகிரும்போது இவ்வேறுபாடு தடையாவதில்லை. கோப்பை வேண்டும் கணினி வன்தட்டை நேரடியாகப் படிப்பதில்லை. வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. வழங்கிக் கணினி தன் வன்தட்டைத் தானே படித்து மறுமொழி தருகிறது. எனவே இரு கணினிகளும் ஒரே நெறிமுறையை அறிந்திருத்தல் போதுமானது.

யுனிக்ஸ் உலகில் சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ் நெறிமுறை பரவியது. விண்டோஸ் கணினிகளோ, ஐ.பி.எம் நிறுவனத்தில் 1980களில் உருவான எஸ்.எம்.பி நெறிமுறையைப் பயன்படுத்தின. சம்பா இந்த எஸ்.எம்.பி நெறிமுறையை லினக்ஸுக்கும் யுனிக்ஸுக்கும் கொண்டுவந்தது.

வரலாறு

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொதிகளைக் கவனித்தே நெறிமுறையை அறிந்து, 1992இல் இம்மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்தமையால், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் அமைந்த சொல்லை ஆங்கிலச் சொற்பட்டியலில் தேடி, சம்பா என்னும் பெயரைத் தேர்ந்தார். இது பிரேசில் நாட்டு நடனம் ஒன்றின் பெயராகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் நெறிமுறையில் சேர்த்த மாற்றங்களின் முழு விவரங்களை வெளியிடாததால், ஒவ்வொரு விண்டோஸ் பதிப்பு வரும்போதும் தன்னார்வலர்கள் அவற்றை ஆய்ந்தறிய வேண்டியிருந்தது. 2004இல் ஐரோப்பிய ஆணையம் இவ்விவரங்களை வழங்குமாறு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்துக்கு சம்பா குழுவினர் பயன்படுத்தும் வகையில் ஆவணங்கள் பெறப்பட்டன. 2012 டிசம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பு, விண்டோஸ் வலையமைப்பின் பயனர் கணக்குகளை மேலாண்மை செய்யும் வழங்கியாகவும் செயற்படும் திறனைப் பெற்றது.

தமிழில் கோப்புப் பெயர்கள்

2003 செப்டம்பரில் வெளியான 3.0 பதிப்புக்கு முன், சம்பா பழைய குறியேற்றப் பட்டியல்களையே சார்ந்திருந்தது. அவற்றில் தமிழுக்கு இடமில்லை. 3.0 பதிப்பில் ஒருங்குறி ஆதரவு வந்தபின் தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளைப் பகிர்தல் இயன்றது.

எனினும் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸில் கோப்புப் பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸில் வரம்பு 255 பைட்டுகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. எடுத்துக்காட்டாக, பழவேற்காடு ஏரிப் பகுதியைச் சேர்ந்த எளாவூரின் பெயரில் கண்ணுக்குத் தெரிபவை 4 எழுத்துகள், துணைக்கால் முதலியவை தனியே எண்ணப்படுவதால் குறியீடுகள் 7, பைட்டுகள் 21. எனவே லினக்ஸ் வழங்கியில் தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளைத் தாண்டக்கூடாது. விண்டோஸில் ஏற்கப்பட்ட நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு சம்பா வழங்கியில் சேமிக்கப்படாமல் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இரு இயங்குதளங்களும் அருகருகே புழங்கி வந்துள்ளன. மாநில அரசு நிறுவனமான எல்காட், 2006-2007 காலப்பகுதியில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தன. இத்தகைய சூழலில், பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் சம்பாவும் நிறுவி, உரிமக் கட்டணமின்றிப் பொதுக் கோப்பு வழங்கியை அமைக்க இயலும்.

பாதுகாப்பு

2017 மே மாதம் பரவிய வானாக்ரை தீநிரல், விண்டோஸில் எஸ்.எம்.பி முதற்பதிப்பைச் செயற்படுத்திய நிரலின் குறையைப் பயன்படுத்தியது. அதே மாதம் சம்பாவிலும் வேறொரு கடுங்குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. 2019இல் வந்த 4.11 பதிப்பு முதல் எஸ்.எம்.பி முதற்பதிப்பு இயல்பிருப்பில் முடக்கப்பட்டுள்ளது. பகிர்வுக்குரிய 445ஆம் துறையை இணையத்துக்குத் திறந்து வைக்காதிருத்தலும், மென்பொருளை இற்றைப்படுத்தி வருதலும் இன்றியமையாதவை.