பழைய அங்குலக் குழாயும் புதிய மில்லிமீட்டர் உறுப்புகளும்
பம்பு அறைகளில் மின்சாரக் குழாய்களை இணைக்கும் விதம்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் வருஷம் வேலை தொடங்கியதன் பின்னர், கோயம்புத்தூர்ப் பிரதேசத்துக் கிணறுகளில் மின்சார பம்புகள் பெருகலாயின. அக்காலத்தில் கம்பிகளைக் காக்கும் பொருட்டுப் பொருத்தப்பெற்ற எஃகுக் கண்டுயிட் குழாய்கள் பிரிட்டிஷ் அங்குல அளவில் செய்யப்பட்டவை. நம் நாட்டில் 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தால் மெட்ரிக் முறை மேற்கொள்ளப்பட்டது. பிரிட்டனிலும் 1970-ஆம் வருஷம் இக்குழாய்களுக்கு மெட்ரிக் தர அளவு வெளியாயிற்று. ஆகவே பழைய பம்பு அறையைப் பழுதுபார்க்கும் மிராசுதார், அங்குலக் குழாயுடன் மில்லிமீட்டர் கப்ளிங்கையோ பெட்டியையோ சேர்க்க வேண்டியவராகிறார்.

வித்தியாசம் யாது?

¾ அங்குலக் குழாயின் வெளி விட்டம் 19.05 மில்லிமீட்டர், அதற்கு ஈடாகக் கொள்ளப்படும் புதிய குழாய் 20 மில்லிமீட்டர். ஆதலால் பழைய ¾ அங்குலக் குழாய் 20 மில்லிமீட்டர் கப்ளிங்கினுள் தளர்ந்து ஆடும். 1 அங்குலக் குழாயோ 25.4 மில்லிமீட்டர் விட்டமுள்ளது; அது 25 மில்லிமீட்டர் கப்ளிங்கினுள் நுழையாது.

மரையும் வேறுபடும். மேற்கூறிய இரு பழைய அளவுகளிலும் அங்குலத்திற்கு 16 மரைகள் உண்டு. அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர். புதியவற்றில் அது 1.5 மில்லிமீட்டர். வித்தியாசம் அற்பமாகத் தோன்றினும், பத்து மரைகளில் அது முக்கால் மில்லிமீட்டருக்கு மேலாகிவிடும். மரையின் கோணமும் பழையதில் 55 டிகிரி, புதியதில் 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றை அறிய, ஓர் அங்குலக் கோலை மரையின்மீது வைத்து எண்ணிப் பார்த்தல் போதுமானது.

இதனால் விளையும் அபாயம்

அனேக பழைய அமைப்புகளில் குழாயே எர்த் பாதையாகவும் உபயோகிக்கப்பட்டு வந்தது. இரண்டொரு மரைகளில் மட்டும் தொட்டு நிற்கும் இணைப்பு, மோட்டாரின் அதிர்ச்சியால் நாளடைவில் விட்டுப்போம். பின்னர் உள்ளே கம்பியின் உறை பழுதாயின், குழாய் முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்கும், பியூஸ் போகாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அக்குழாயைத் தொடுகிறவர் உயிரிழக்க நேரிடும். சணலும் பெயிண்டும் சுற்றி இறுக்குதல் தண்ணீர்க் குழாய்க்குத் தகும். மின்சாரக் குழாய்க்கு அது எர்த் பாதையைத் தடுக்கும் கேடேயாகும்.

இணைக்கும் முறைகள்

(1) ஒருபுறம் அங்குல மரையும் மறுபுறம் மெட்ரிக் மரையும் உள்ள அடாப்டரைப் பயன்படுத்துதல் உத்தமம். கடையில் கிடையாவிடில், நல்ல லேத் பட்டறையில் எஃகிலோ பித்தளையிலோ கடைந்து கொள்ளலாம். குழாயின் மாதிரித் துண்டு ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோதல் நலம்.

(2) மரையில்லாத வெறுந்துளையுள்ள எஃகுப் பெட்டியை இடையில் வைத்தல். பழைய குழாயின் முனையில் பழைய அளவுக் கப்ளிங்கைப் பூட்டி, பெட்டியின் உட்புறமிருந்து அதே அளவுப் பித்தளைப் புஷ்ஷைத் துளைவழியே செலுத்திக் கப்ளிங்கில் இறுக்க வேண்டும். மறுபுறத்துத் துளையில் மெட்ரிக் கப்ளிங்கும் புஷ்ஷும் அவ்வாறே அமையும். இரு மரைகளும் ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை.

பழைய மரையின்மேல் மெட்ரிக் டையை ஓட்டுதல் கூடாது. ¾ அங்குலக் குழாயில் 20 மில்லிமீட்டர் மரைக்குப் போதிய உலோகம் இராது. இருக்கும் மரையும் சிதையும்.

எம்முறையாயினும், இணையும் இடங்களில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி உலோகம் பளிச்சிடச் செய்தல் வேண்டும். வெட்டிய குழாயின் உள்விளிம்பிலுள்ள பிசிறை அராவி நீக்காவிடில், இழுக்கும்போது கம்பியின் உறை கிழியும். இறுக்கிய பின்னர் வெளியே தெரியும் மரைக்குப் பெயிண்டு பூசலாம்.

முக்கியக் குறிப்பு

இணைப்பு எவ்வளவு செம்மையாயினும் பழைய குழாயை மட்டும் எர்த்தாக நம்புதல் தகாது. குழாயினுள் தனி எர்த் கம்பி ஒன்றை இழுத்து, பெட்டிகளிலும் சேர்த்து முறுக்குதல் வேண்டும். மும்முனை மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் அவசியம். பழைய ரப்பர் உறைக் கம்பிகள் அசைத்தால் நொறுங்கும். அவற்றை மாற்றிவிடுதலே சிக்கனம். துருவேறி மெலிந்த குழாயை இணைக்க முயலாது அடியோடு அகற்றல் வேண்டும்.

இவ்வேலை மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டபின், லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரால் செய்யப்பட வேண்டும். வேலை முடிந்ததும் குழாயின் கடைசி முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே தொடர்ச்சி உள்ளதா என்பதை மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம். ஊராட்சிக் குடிநீர் மோட்டார் அறைகளைப் பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்கள், இணைப்புகளைச் சாந்து பூசி மறைக்குமுன்னரே நேரில் கண்டு, அதன்பின் பில்லுக்குச் சம்மதம் அளித்தல் நலம். அடாப்டர் ஒன்றுக்கு ஆகும் செலவு சொற்பம். அதை மிச்சப்படுத்தப் போய் நேரும் நஷ்டத்தை எக்காலத்தும் ஈடு செய்ய இயலாது.