உங்களுக்குத் தெரியுமா? மார்கழிப் பனியும் முன்கண்ணாடியும்

தஞ்சைப் பக்கம் பனிக்கட்டி விழுவதில்லை. ஆனாலும் மார்கழி விடியலில் வாசலில் நிற்கும் காரைப் பாருங்கள்: முன்கண்ணாடி முழுக்க முத்து முத்தாய் நீர். இது மேலேயிருந்து பெய்தது அல்ல. மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. சம்பா வயலின் ஈரத்தைச் சுமந்த காற்று அதைத் தொட்டதும் நீராகப் படிகிறது. கொட்டகையிலோ புளியமரத்தடியிலோ நின்ற வண்டி அவ்வளவு நனையாததற்குக் காரணமும் இதுதான். ராத்திரி கண்ணாடிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு வையுங்கள், போதும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதுவே உறைபனியாகப் படியும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும்.

ஓடும் வண்டியில் கண்ணாடி மங்கினால் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே, வைப்பர் போதும். கோடு விழுந்தால் அது நம் மூச்சுக்காற்றின் ஈரம். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், வெளிக்காற்றையும் உள்ளே விடுங்கள். ஏசி ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடும். உள்ளங்கையால் மட்டும் துடைக்கவே கூடாது. பிசுக்கு படிந்து, எதிரே வரும் விளக்கு இன்னும் கூசும். அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில், விளக்கில்லாத சைக்கிளில் பால் கேன்களோடு வருபவர் அப்போது கடைசி நொடியில்தான் கண்ணில் படுவார்.

அந்த வைப்பருக்கு 1903இல் காப்புரிமை பெற்றவர் ஒரு பெண்: அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன்.