கட்டியக்காரனும் காலநிலையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதில் திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்குத் தலைமையிடமாக விளங்கும் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர்; கேரளத்தோடு தொடர்பில்லாத இவர்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் தமிழ் பேசும் மக்கள். இவர்களுடைய முதன்மைப் பயிர் சாமை. ஏரியையோ கிணற்றையோ எதிர்பாராமல் வானத்தை மட்டுமே நம்பி விதைக்கப்படும் மானாவாரிப் பயிர் என்பதால், மழை இரண்டு வாரம் பிந்தினாலும் கதிர் முற்றும் வேளையில் கொட்டித் தீர்த்தாலும் அந்த ஆண்டின் கணக்கே மாறிவிடுகிறது. காலநிலை மாற்றம் என்ற தொடரைக் கேள்விப்படாதவரும் அதன் விளைவைத் தம் கொல்லையில் காணும் இடம் இது.

இத்தகைய மக்களுக்குக் காலநிலைக் கல்வி அளிப்பது அரசுகளின் கடமை என்பது புதிய கருத்தன்று. 1992-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கை தன் 6-ஆம் பிரிவிலேயே கல்வி, பயிற்சி, பொதுமக்கள் விழிப்புணர்வு ஆகியவற்றை வலியுறுத்தியது. அதை நடைமுறைப்படுத்துவதற்கான ஐந்தாண்டுச் செயல்திட்டம் 2002-இல் புதுதில்லி மாநாட்டில் உருவாகி அந்நகரின் பெயரையே பெற்றது. 2015-ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் அக்கடமையை மீண்டும் எழுதியது. தமிழ்நாட்டிலும் 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டு, மாவட்ட ஆட்சியர்களிடம் அதன் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆக, ஆணைகளுக்குக் குறைவில்லை. திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டி, ஒரு மணி நேரம் பேசி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடும் முறையில்தான் குறை இருக்கிறது.

கற்பிக்க வேண்டிய முதல் வேறுபாடு வானிலைக்கும் காலநிலைக்கும் உரியது. இன்று பெய்யும் மழை வானிலை. உலக வானிலை அமைப்பு கொண்டுள்ள வழக்கப்படி, ஏறத்தாழ 30 ஆண்டுகளின் சராசரிப் போக்கே காலநிலை. இந்த விளக்கம் மாணவர்களுக்கு வறட்சியாகத் தோன்றக்கூடும் என்றாலும், அறுபது வயது உழவர் ஒருவர் இரண்டு காலநிலைகளைத் தம் உடம்பால் அறிந்தவர் என்பதை அதே விளக்கம் உணர்த்துகிறது. பயிலரங்கு என்ற பெயரில் நடப்பது சொற்பொழிவாக இல்லாமல் இருக்க வேண்டுமானால், அந்த அறிவைத் தரையில் இறக்கி வைக்கும் வழி தேவை.

அப்படியொரு வழி ஏற்கெனவே உண்டு. 1990-களில் இந்தியச் சிற்றூர்களில் பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்னும் முறையில், பருவ நாட்காட்டி என்றொரு பயிற்சி இருக்கிறது. ஊர்ப் பொதுவிடத்தில் கோலப்பொடியால் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் போடப்படும். மழை மிகும் மாதத்துக் கட்டத்தில் ஐந்தாறு கூழாங்கற்களும், குறையும் மாதத்தில் ஒன்றிரண்டும் வைக்கப்படும். அதன் கீழ் வரிசையில் சாமை விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும், புளி உலுக்கும் காலமும், தேன் எடுக்கும் காலமும், ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போகும் காலமும் விதைகளாலும் இலைகளாலும் குறிக்கப்படும். பெரியவர்கள் தம் இளமைக்கால ஆண்டை ஒரு வரிசையிலும், இளையோர் இன்றைய ஆண்டை மறு வரிசையிலும் அடுக்கும்போது வாக்குவாதம் எழாமல் இராது. ஒருவர் ஆடியில் வைத்த கல்லை மற்றொருவர் ஆவணிக்கு நகர்த்துவார், மூன்றாமவர் அதைத் திருப்பி எடுத்து வைப்பார். எழுத்தறியாதவரும் இந்த வாக்குவாதத்தில் சரிசமமாகக் கலந்துகொள்ள முடியும் என்பதே இப்பயிற்சியின் பெரிய பலன்.

ஆனால் நினைவு எப்போதும் நேர்மையான சாட்சியன்று. இளமையில் பெய்த மழை யாருக்கும் சற்று மிகுதியாகவே தோன்றும். ஆதலால் கூழாங்கற்களோடு அளவையும் சேர வேண்டும். நேரான பக்கங்களுடைய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் வாயிலேயே செருகி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினால் எளிய மழைமானி கிடைத்துவிடும். வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதினால் சில ஆண்டுகளில் பள்ளிக்கென ஒரு மழைப் பதிவேடு உருவாகும். கேரளத்தில் மீனச்சில் ஆற்றின் கரையோர மக்களும் மாணவர்களும் மழையையும் ஆற்றுமட்டத்தையும் தாமே அளந்து பகிர்ந்துகொள்வதை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். 1968 முதல் விண்மீன்களை நோக்கிவரும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. வானத்தை ஒழுங்காகப் பார்த்து எழுதிவைப்பது இம்மலைக்கு அந்நியமான வேலையன்று.

அளவு ஏன் தேவை என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது, ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கேயுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர், சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. ஒரு புயலை மட்டும் சுட்டிக்காட்டி இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று ஒரே அடியாகச் சொல்லிவிடுவது அறிவியல் ஆகாது. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பதும், அதனால் பெருமழை இன்னும் பெருமழையாகும் வாய்ப்பு வளர்கிறது என்பதும் உறுதி. வாய்ப்பு என்ற கருத்தைச் சொற்பொழிவில் விளக்குவது கடினம். கலை உதவிக்கு வருவது இங்கேதான்.

உலகின் பிற இடங்களில் கலை வழியே காலநிலையைச் சொல்லும் முயற்சி பல வடிவங்களில் நடந்துள்ளது. பிரான்சில் தோன்றிய ஒரு பயிலரங்கில், பன்னாட்டு அறிவியல் அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்ட 42 அட்டைகளை மக்கள் காரணம், விளைவு என்ற வரிசையில் பெரிய தாளில் அடுக்கி, அம்புக்குறியிட்டு, வண்ணம் தீட்டிச் சுவரோவியமாக்குகின்றனர். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக அறிஞர் எட் ஹாக்கின்சு 2018-இல் ஆண்டுக்கு ஒரு பட்டையாக, நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் வெப்பப் பட்டைகளை எண் ஏதும் இல்லாமல் வெளியிட்டார். இரண்டும் நல்ல முயற்சிகளே, ஆயினும் ஜவ்வாது மலை சார்ந்த வட ஆர்க்காட்டு மண்ணுக்கு வெளியிலிருந்து அட்டை வரவழைக்க வேண்டிய நிலை இல்லை.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாயும் சமவெளி தெருக்கூத்தின் தாய்நிலம். செய்யாற்றை அடுத்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த கூத்து மரபு ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேசின் சிறுகதையையும் கூத்தாக்கிக் காட்டியிருக்கிறது. புதிய பொருளைத் தாங்க இந்த வடிவத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மழைக்கும் கூத்துக்கும் உள்ள உறவோ அதைவிடப் பழையது. பாண்டவர் மறைந்து வாழ்ந்த நாட்டில் மழை பொய்க்கவில்லை என்ற நம்பிக்கையால், மழை வேண்டி விராட பருவத்தைப் படிப்பதும் ஆடுவதும் இப்பகுதி ஊர்களின் வழக்கம். மழை பொய்த்த ஆண்டில் ஊர் கூடி விடியவிடிய அமர்ந்து அதைப் பற்றியே கேட்கும் அரங்கு ஏற்கெனவே இருக்கிறது.

அந்த அரங்கில் திறவுகோல் கட்டியக்காரன். மத்தளமும் முகவீணையும் ஒலிக்க, முதலில் மேடைக்கு வருபவன். திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனை யார், எந்த ஊர் என்று கேட்பவன். புராணக் காட்சிக்கு நடுவே திடீரென்று ரேஷன் கடையையும் பேருந்துக் கட்டணத்தையும் இழுத்துவந்து சிரிக்க வைப்பவன். கிரீடமும் புஜகட்டையும் அணிந்த வேடம் தன் பெருமையைப் பாடும்போது அதை மறுத்துப் பேசும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. காலநிலையைப் பற்றி ஊர் கேட்க விரும்பும் கேள்விகளை, அதாவது நிலக்கரி எரித்தவர் யார், நட்டப்படுபவர் யார், அதிகாரி சொன்ன விதை ஏன் முளைக்கவில்லை என்பனவற்றை, அவன் வாயால் கேட்கலாம். விடை சொல்ல முடியாத அரசன் மேடையில் விழிப்பதும் கல்விதான்.

கலை வழியே பொதுக் கல்வி என்பது தமிழ்நாட்டில் ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 1990-களின் அறிவொளி இயக்கமும் வீதி நாடகக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பின. புதுக்கோட்டையில் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்கள் மிதிவண்டியும் கற்றனர். நாடகம் முடிந்ததும் குழு வண்டியேறிவிடாமல், மறுநாள் மாலை அதே ஊர்த் தொண்டர் ஒருவர் வகுப்பு நடத்தினார் என்பதால்தான் அது நிலைத்தது. இன்றைய விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பலவற்றில் இந்த மறுநாளைக் காணோம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவான கரியமில வாயுவே ஓர் இந்தியரின் பங்கு; மலைவாசியின் பங்கு அதிலும் சிறிது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறிக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர் என்பது, விளைச்சலும் வேலையும் இல்லாத மலை தன் மக்களை எங்கே தள்ளுகிறது என்பதைக் காட்டியது. அம்மக்களிடம் போய், மரம் நடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று பாட்டுப் பாடுவது கல்வியன்று, அவமதிப்பு. அவர்களுக்குத் தேவைப்படுவது பருவம் எப்படி மாறுகிறது என்ற செய்தியும், அதற்கேற்ற விதையும், அதைக் கேட்டுப் பெறும் வாய்ப்பும். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தி வருவதால் விதைக்கு நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை.

ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழாவுக்கு மலையூர்கள் அனைத்தும் திரள்கின்றன. மாவட்ட நிர்வாகம் அவ்விழாவின் ஓர் இரவைக் கூத்துக்கும், மறுநாள் காலையைப் பருவ நாட்காட்டிக்கும், அதன்பின் வரும் மழைக்காலத்தை ஒவ்வொரு மலைப் பள்ளியிலும் ஒரு மழைமானிக்கும் ஒதுக்க வேண்டும்.